கணவாயின் மறுகண்

இன்னும் ஒரு தேய்ப்பு போதும். ஒன்று கூடிவிட்டால் எல்லாம் போச்சு.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தான்.

கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்தது ஒரு கணவாயின் தலைக்குள்ளிருந்து எடுத்த கல். மணலைவிடச் சிறியது. தலைக்குள் கல் உள்ளவர்கள் பலர் அவன் வேலை பார்த்த கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தோதானது கணவாயின் கல்தான். நாளுக்கு ஒரு வளையம் போடும். பிறந்த நாள்வரை எண்ணிக்கொண்டே போய்விடலாம்.

எதிரே ததேயுவின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

ததேயுவின் படகு கார்த்திகைப் புயலில் போனது. பதினைந்து மாதம் ஆகிறது. ஆட்களோடு போனது. ஒரு விரல் நகம்கூடக் கரை சேரவில்லை.

மற்ற வீடுகளில் பெட்டிக்குள் ஒரு சட்டையை வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பங்குச் சாமியார் சட்டைக்கும் முழுப் பூசை வைத்தார்.

அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“சட்டைய எதுக்கு அடக்கணும்? கடலுக்கு அவரு சட்ட போட்டுக்கிட்டா போனாரு?”

உடம்பில் ஒரு பொட்டாவது வேண்டும். அதை மண்ணுக்குள் வைத்த பிறகுதான் அழுவேன் என்றாள். அதுவரை ஊர் அவளைக் கைம்பெண் என்றும் சொல்லவில்லை, சுமங்கலி என்றும் சொல்லவில்லை. பாவம் என்று மட்டும் சொன்னது.

படகு மூழ்கிய இடத்தில் வலையில் எது ஏறினாலும் அவளுக்குச் சேதி போகும். முதலில் ஒரு சுறாவை அவனிடம் கொண்டுவந்தாள். வயிற்றில் ஒரு செருப்பு இருந்தது. பெண்கள் செருப்பு. அடுத்து ஒரு விலாங்கு. அதன் வயிற்றில் இன்னொரு விலாங்கு, அதன் வயிற்றில் மூன்றாவது. மூன்றாவது பட்டினியில் செத்திருந்தது.

இப்போது கணவாய். ஆழக்கடல் சரக்கு. கண் ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு. ஆட்டோவில் பக்கத்தில் உட்காரவைத்து, கைகளை மடக்கி மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரன் இரண்டு ஆள் கணக்கு என்றான்.

அதன் வயிறும் காலி.

“வயிறு கெடக்கட்டு, சாரே. கல்லு பாத்து வயசு சொல்லுவீங்கன்னாவளே.”

இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு கூட்டினால் கல் கரைந்துவிடும். தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரு கணம் நினைத்தான்.

கை கேட்கவில்லை. பழக்கதோஷம்.

நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினான். திரும்பவும் எண்ணினான். ஒரு வருடத்தைத் தொடவில்லை.

“இது பொறக்கறதுக்கு முன்னயே புயல் போயிட்டுது, அக்கா. அன்னிக்கு இது உலகத்துலயே இல்ல.”

சொன்னதும் தப்பித்துவிட்டது போலிருந்தது.

அவள் கணவாயின் கையிலிருந்து வடிந்த நீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“அப்ப இதுக்க அம்மா?”



அம்மா இருந்தது. அந்தக் கார்த்திகையில், அதே கடலில், கிடைத்ததையெல்லாம் தின்று முட்டைக்கு மஞ்சள்கரு சேர்த்துக்கொண்டிருந்தது. முட்டை விட்டதும் செத்திருக்கும். கணவாய்ச் சாதியில் எந்தத் தாயும் பிள்ளை முகம் பார்ப்பதில்லை.

அவன் ஒரு கண்ணைப் பிளந்தான்.

உள்ளே வில்லை. கோலிக்குண்டு மாதிரி கடினம். இடுக்கியால் உரித்தான். வெங்காயம் போல அடுக்கடுக்காக வந்தது. வெளி அடுக்குகள் இந்தக் கணவாய் தானே வேட்டையாடித் தின்று வளர்த்தவை. அவற்றை ஒதுக்கினான். உள்ளே போகப் போக வயது குறைந்தது.

கடைசியில் ஒரு கடுகு மிஞ்சியது.

முட்டைக்குள், வாய் திறக்கும் முன்பே, தாய் வைத்த கருவில் உண்டான கடுகு. தாய் தின்றதுதான் அது.

பொடியாக்கி இயந்திரத்துக்குள் போட்டால், தாய் எப்பேர்ப்பட்ட இரையைத் தின்றது என்று சொல்லும். இரையின் பெயரை எந்த இயந்திரமும் சொல்லாது.

“இதுல அவரு இருக்காரா?”

“இல்லன்னு சொல்ல ஆதாரம் இல்ல, அக்கா.”

கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் அவன் வழக்கமாக எழுதுகிற வாக்கியம்தான்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம்.

கடுகை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்தார்கள். கைக்குட்டையை ஆள் நீளப் பெட்டியில் வைத்தார்கள். அவனும் தோள் கொடுத்தான். தூக்கியவர்கள் எல்லோரும் பாரம் தாங்காதவர்களைப் போலக் கால் பின்ன நடந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் இறக்கிவைத்துத் தோள் மாற்றவேண்டியிருந்தது.

யாரும் நடிக்கவில்லை.

குழியை மூடியபோது அவள் அழுதாள். பதினைந்து மாதத்து அழுகை. கோயில் மணி அதற்குள் இரண்டுமுறை அடித்து ஓய்ந்தது. ஊர் பெருமூச்சு விட்டது.

அவனும்தான்.

திங்கள்கிழமை காலை ஆராய்ச்சி நிலைய வாசலில் பெண்கள் நின்றார்கள்.

அதே படகில் போனவர்களின் பெண்டாட்டிமார். ஒருத்தி, ஒருவனுடைய தாய். அவன் பூட்டைத் திறக்க வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தாய்க்காரிதான் தொண்டையைச் செருமினாள்.

“நாங்க வெறும் சட்டையத்தான சாரே பொதச்சோம்.”

அவன் உள்ளே போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தான்.

கணவாய் மறுகண்ணால் அவனைப் பார்த்தது.