கன்னத்தோடு கன்னம்

மாடிவீட்டு அச்சகக்காரர் கம்ப்யூட்டர் வாங்கியபோது, கண்டவன் நுழையாமலிருக்க முகத்தைக் காட்டித் திறக்கும் பூட்டு வைத்தார். தன் முகமும் சேரவேண்டுமென்று மனைவியும் விடவில்லை. கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கேமராவைப் பார்த்தார்கள். மனைவி போய்ச் சேர்ந்து வருடமாகிறது. அவர் தினமும் அதன்முன் உட்காருவார், அது திறக்கும்.

நேற்று மாலை தலைக்குச் சாயம் பூசி, மறுமணத்துக்குத் துணை தேடும் தளமொன்றில் தன் படத்தை ஏற்றினார். இன்று காலை கம்ப்யூட்டர் திறக்கவில்லை. வேறு வழியின்றி மகளைக் கூப்பிட்டார். திறந்தால் அவள் கண்ணில் முதலில் படப்போவது அந்தப் படம்தான்.

“தலை என்னப்பா கன்னங்கரேல்னு இருக்கு?”

“வேலையைப் பாரும்மா.”

மகள் தட்டிப் பார்த்தாள். “இது நீங்களும் அம்மாவும் சேர்ந்து பார்த்தாத்தான் திறக்கும். இவ்வளவு நாள் எப்படித் திறந்தீங்க?”

“உக்காருவேன். திறந்துக்கும்.”

“அளக்காதீங்க. எங்க, உக்காருங்க பார்ப்போம்.”

உட்கார்ந்தார். மகள் கதவோரம் தள்ளி நின்றாள். திரையில் எழுத்துகள் வந்தன: ‘பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். நேராகப் பார்க்கச் சொல்லவும்.’

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா கோவிச்சுக்கிற மாதிரி என்னப்பா பண்ணீங்க?”