ஐந்து புள்ளி பதினொன்று

மாத்தளைக் கல்யாணச் சந்தையில் பெண்ணின் உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஐந்தடி ஐந்துக்கு மேல், அங்குலத்துக்கு ஒரு மாப்பிள்ளை.

புடவைக் கடை ஸக்கரியா ஹாஜியாரின் மகள் ஹிதாயா ஐந்தடி பதினொன்று. அந்த விலைப்படி ஆறு மாப்பிள்ளைமார் போய்விட்டார்கள்.

ஏழாவது ஆளான பலாபத்வல ஊர் ஷிஹாம், தன் உம்மா மபாஸாவோடு இப்போது ஹாஜியார் வீட்டுக் கதிரையில் இருந்தான். கட்டாரில் கம்பெனி வேலை என்றார் தரகர். ஹாஜியார் மேலே எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதிலுக்கு அவர்களும் கேட்பார்கள். பேச்சு உயரத்துக்கு வந்துவிடும்.

கேட்காமலே வந்தது.

"நானா, எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். வாற மருமகள் என்னயக் குனிஞ்சு பார்க்கப்படாது" என்றாள் மபாஸா, ஹாஜியாரைப் பார்த்து. "கிளினிக்ல அளந்தாங்க, நான் நூத்தி ஐம்பத்தேழு சென்டிமீற்றர். மகன், தரகர் அனுப்பின உயரத்த சென்டிமீற்றர்ல சொல்லுங்க."

வட்ஸ்அப்பில் தரகர் அனுப்பியிருந்தது 5.11. அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் புள்ளி வைப்பது ஊர் வழக்கம்.

ஷிஹாம் போனில் அப்படியே தட்டி, 30.48 ஆல் பெருக்கி, உம்மாவிடம் நீட்டினான்.

"நூத்தி ஐம்பத்தஞ்சே முக்கால்" என்று வாசித்தாள் மபாஸா.

பதினொரு அங்குலத்தைப் போன் ஓர் அங்குலமும் சொச்சமுமாக நறுக்கிவிட்டது. துணியை மீற்றரில் வாங்கிக் கெஜத்தில் விற்று மேல்மாடி கட்டிய ஹாஜியாருக்கு இதைப் பிடிக்கப் பென்சில் தேவையில்லை. மார்க்கப்படி பிழையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் எட்டாவது ஆளைத் தேட வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, மார்க்கத்துக்கும் தரகருக்கும் நடுவில் அவர் நின்ற நேரத்தில், மபாஸா மோதிரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"எனக்குச் சம்மதம்."

மபாஸாவுடையது மிளகு வியாபாரக் குடும்பம். வைத்த அச்சாரத்தைத் திருப்பி எடுத்தார்கள் என்று கதை போனால் அப்புறம் யாரும் மூட்டை கொடுக்கமாட்டார்கள்.

ஹிதாயா தேத்தண்ணித் தட்டோடு, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே வந்து நிமிர்ந்தாள்.

மபாஸாவின் பார்வை ஏறியது. ஏறிக்கொண்டே போய் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு மோதிரப் பெட்டிக்கு இறங்கியது. கை போகவில்லை.

"இந்தப் போன எங்க வாங்கினீங்க, மகன்?" என்றாள்.

பேச்சை மாற்ற ஹாஜியார் வாயில் வந்ததைக் கேட்டார். "மகனுக்குக் கட்டார்ல என்ன வேல?"

"அளவு வேலதான், மாமா. அமெரிக்காக்காரன் அடிக்கணக்குல போடுற கட்டடப் பிளேன மீற்றருக்கு மாத்திக் குடுக்கிறது. பத்து வருஷமா."

சொல்லிக்கொண்டே, கோப்பையை வாங்க எழுந்து நின்றான்.

பெண் நூற்றெண்பது. மாப்பிள்ளை நூற்றெழுபத்தொன்று. பாக்கி ஒன்பது சென்டிமீற்றர்; அண்ணாந்து பார்த்து நின்றவன் முகத்தில் அதைத் தீர்க்கும் எண்ணம் தெரியவில்லை.