வேலிக்கு அந்தப் பக்கம்

“வேலி பிடுங்கினவன் என்ரை கையிலை அம்பிட்டான் எண்டால், ரொட்டி கொத்துறமாதிரிக் கொத்திப்போடுவன்!”

மொமின் கொத்துத் தகடுகளை எறிந்த சத்தம் லா சப்பல் தெருவரை கேட்டிருக்கும். நல்லவேளை, மத்தியானச் சாப்பாட்டுக்காரர் போய்விட்டார்கள். உணவகத்தில் முதலாளி தவரத்தினம் மட்டும்தான் இருந்தார்.

மொமின் வங்காளதேசத்துக்காரன். இந்தக் குசினியில் சமைத்துச் சமைத்தே யாழ்ப்பாணத் தமிழ் படித்தவன்.

“உங்கடை நாட்டிலை ஆட்சி கவிண்ட அண்டைக்கு நீதானே எனக்கு இனிப்புத் தீத்தினனி?” என்றார் தவரத்தினம்.

“ஓம் அண்ணை. ஆர் போகவேணும் எண்டுதான் கத்தினம். ஆர் வருவினம் எண்டு யோசிக்கேல்லை. என்ரை மோனும் ஊர்வலத்திலை நிண்டவன்.”

நேற்றுவரை யாரும் கணக்கில் எடுக்காத கடும்போக்கு மதக்கட்சி இப்போது தேர்தலில் நிற்கிறது. பெண் பிள்ளைகள் பந்து விளையாடக்கூடாது என்று அந்தக் கட்சி ஆட்கள் காலையில் மொமினின் ஊர் மைதானத்து வேலியைப் பிடுங்கி உள்ளே புகுந்துவிட்டார்கள். அவன் மகள் ரூபாதான் அங்கே கோல் காப்பவள்.

“மகள் என்ன சொல்லுறாள்?”

“ஒண்டும் கதைக்கிறாளில்லை. வீடியோ மட்டும் அனுப்பியிருக்கிறாள். அக்காவோடை போய் நில் எண்டு மோனை நான்தான் அனுப்பினனான். அவன் போன் எடுக்கிறானில்லை. அடிச்சுப்போட்டாங்களோ தெரியேல்லை. எனக்குப் பாக்கப் பயமாக்கிடக்கு, நீங்கள் பாருங்கோ.”

மொமின் போனை நீட்டிவிட்டு, போட்டிருந்த சேட்டிலேயே முகத்தைத் துடைத்தான்.

“பிள்ளையார் தேருக்கு அடிச்ச சேட்டிலை மூக்குச் சிந்தாதை!” தவரத்தினம் அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். ரூ பஜோல் தெருவில் தேர் ஓடிய அன்று தண்ணீர்ப்பந்தலில் நின்றவர்களுக்காக, கடைப்பேர் போட்டு அவர் அடிப்பித்த சேட்டு அது.

“நல்ல துணி அண்ணை. மோனுக்கும் ஒண்டு அனுப்பினனான், எழுத்து விளங்காட்டியும் அவனுக்குச் சரியான சந்தோசம்.” சொல்லும்போதே அவனுக்கு மறுபடி அழுகை வந்தது.

தவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோவை ஓடவிட்டார். கோல் கம்பத்தடியில் பிள்ளைகள் ஒடுங்கி நின்றார்கள். முகத்தில் துணி கட்டிய கூட்டமொன்று தகரவேலியைச் சரித்தது.

அவர் நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“மோன் நிக்கிறானோ அண்ணை?”

“ஓம்.”

“அடி விழுந்ததோ?”

“ஒரு கீறலும் இல்லை.”

“அல்ஹம்துலில்லா!” மொமின் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். “அக்காவுக்கு முன்னாலை மறிச்சுக்கொண்டு நிண்டிருப்பான். எங்கை நிக்கிறான்? காட்டுங்கோ!”

தவரத்தினம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வேலி பிடுங்கிறவன்ரை முதுகிலை எங்கடை கடைப்பேர் கிடக்கு, மொமின்.”