மூன்றாவது ஜோடி

பிழைதிருத்துபவர் ஸ்பீக்கர் வாங்கப் போனால் பாட்டுப் போட்டுப் பார்க்க மாட்டார்; ‘ழ’ ஒழுங்காக விழுகிறதா என்றுதான் பார்ப்பார். அதற்கென்று, மனைவி எப்போதோ பேசி அனுப்பிய சாமான் பட்டியலைக் கைபேசியில் வைத்திருந்தார். சரியாகப் பத்தொன்பது நொடி.

அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதமாகிறது. அவள் இருமினால்கூடச் சத்தம் வருவதில்லை. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றிருந்தார் மருத்துவர். பதிவிலிருக்கும் குரலாவது வீட்டில் அச்சாக அப்படியே கேட்கட்டும் என்றுதான் இந்த அலைச்சல்.

முதல் ஜோடியில் தாழ்ப்பாள் ‘தாள்ப்பாள்’ ஆனது. இரண்டாவதில் குரல் தகர டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“சார், ஸ்பீக்கர் வாங்க வந்தீங்களா, தமிழ்ப் பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: ‘பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு பாக்கல.’

மூன்றாவது ஜோடியை மாட்டினார்கள்.

“தாழ்ப்பாள் ஒண்ணு, மெழுகுவத்தி ரெண்டு...”

அடுத்த நாற்காலியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பட்டியல் முடிந்தது. கைபேசியில் எண் பத்தொன்பதில் நிற்கவில்லை. இருபது. இருபத்தொன்று.

“போதும், நிறுத்துங்க. மிச்சத்த நானே சொல்றேன்,” என்றது ஸ்பீக்கரில் அதே குரல்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “பத்தொன்பது செகண்டுதானே சார் இது?”

பிழைதிருத்துபவர் பதிவை நிறுத்தினார். மனைவி சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கனைத்தாள். அது கடை முழுக்கக் கேட்டது.