மானிட்டர் யாருக்கு?

"ஒயரைப் பிடுங்கு!"

"ஆட்டம் முடியட்டும்."

"இது சோறு போடுற மானிட்டர். இதுல கார் ஓட்டி விளையாடுறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. வளைவு வருது, பேச்சுக் கொடுக்காதீங்க."

அவர் வீட்டிலிருந்தே கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவர். சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவார் என்று எஞ்சினியர்களிடம் பேர் வாங்கியவர். இப்போது அந்தப் பேருக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

பொழுது சாய்ந்தால் போதும், மனைவி வந்து கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டரைப் பிரித்து, மாப்பிள்ளை கொடுத்த பழைய வீடியோ கேம் பெட்டியை அதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். படுக்கப் போகும்வரை நகர்வதில்லை. அதுவும் பேரன் பேத்தி எடுத்த வயதில்!

"ஹால்ல அவ்ளோ பெரிய டி.வி. சும்மாதானே கெடக்கு? அதுல மாட்டித் தொலையேன்."

"டி.வி.யில பட்டனை அழுத்தினா கார் யோசிச்சுட்டு மெதுவாத் திரும்புது. மானிட்டர்லதான் சட்டுனு திரும்புது. நம்பலேன்னா மாப்பிள்ளையைக் கேளுங்க."

கேட்டார். "ஆமா மாமா, ஆட்டத்துக்கு மானிட்டர்தான் சரி" என்று மாப்பிள்ளையும் ஒத்து ஊதினார்.

மகளிடம் முறையிட்டார். "அம்மாவா? வீடியோ கேமா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு நாள்ல அலுத்துடும், விடுங்கப்பா."

அலுக்கவில்லை. அவரும் விடுவதாக இல்லை.

ஒயரை எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்தார். மறுநாளே புது ஒயர் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் ஒயர், பெட்டி ஒயர் இரண்டையும் மானிட்டரிலேயே செருகிவைத்து, ஆட்டத்தின் நடுவில் மானிட்டர் பட்டனை அழுத்தி அவள் காரை விரட்டிவிட்டுத் தன் பிளானைக் கொண்டுவந்தார். அவள் அதே பட்டனை அழுத்தி, அவர் பாதி போட்டிருந்த சமையலறையை விரட்டிவிட்டுக் காரைக் கொண்டுவந்தாள். மாறி மாறி அழுத்தியதில் மானிட்டர்தான் பாவம், திணறிப் போனது.

கடைசியில் கோபத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் போவார். வந்து சாப்பிட்டுப் படுப்பார். விடிந்ததும் எழுந்து, விட்ட வேலையைப் பிடிப்பார். ஒரே ஆறுதல், காலையில் கண் எரிச்சல் இல்லை. கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து நன்றாகவே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எஞ்சினியர் போன் செய்தார். "நாளைக்குக் காலையில பிளான் கைக்கு வரணும் சார். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இனிப் பொறுப்பதில்லை என்று அவர் முடிவு கட்டினார். பெட்டியோடு வந்த மனைவியை வாசற்படியிலேயே மறித்தார்.

"நமக்குள்ள ஒரு போட்டி. யார் ஜெயிக்கிறாங்களோ மானிட்டர் அவங்களுக்கு. தோத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

அவள் முகம் சுருங்கியது. "போட்டியெல்லாம் எதுக்குங்க?"

"ஏன், பயமா? நீ தினமும் ஓட்டறவ. நான் இந்தப் பெட்டியைத் தொட்டதுகூட இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, வாங்க" என்றாள்.

ஆளுக்கொரு ரிமோட். திரை இரண்டு பாதியாகப் பிரிந்து இரண்டு கார்கள் வந்து நின்றன.

"எதை அழுத்தினா போகும்?"

"அது... எதையாவது அழுத்துங்க, போகும்."

சொல்லிக் கொடுக்காமல் ஏமாற்றுகிறாள் என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கு வந்ததை அழுத்தினார். கார் புல்வெளியில் ஏறியது, ஒரு மரத்தை முட்டியது, கொஞ்ச தூரம் வந்த வழியே திரும்பியும் போனது. மானம் போயிற்று என்றுதான் நினைத்தார். ஆனாலும் விடாமல் உருட்டிக்கொண்டே போய் எல்லைக் கோட்டைத் தாண்டினார்.

ஜெயித்தது நீங்கள்தான் என்றது திரை!

அவருக்கே நம்ப முடியவில்லை. மற்ற பாதியைப் பார்த்தார். அவள் கார் புறப்பட்ட இடத்திலேயே ஒரு சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் சுற்றியது. பக்கத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாப் பட்டனையும் அமுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன கூத்து இது? இத்தனை நாளா என்னத்தைத்தான் ஓட்டுன?"

"அதைப் பாத்தாலே தலை சுத்துதுங்க. குமட்டிக்கிட்டு வருது."

"அப்புறம் எதுக்கு மாட்டிக்கிட்டு உக்காந்த?"

அவர் எழுந்து கம்ப்யூட்டரைப் போடக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு ஆட்டம்."

"தோத்தாச்சில்ல? பேச்சு பேச்சா இருக்கணும்."

"இன்னொரு ஆட்டம். அதுலயும் தோத்தா இன்னொண்ணு. நான் ஜெயிக்காம எழுந்திரிக்க மாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியந்தான். பொழுது சாஞ்சப்புறம் திரையைப் பாத்தா வலது கண்ணுக்கு நான் பொறுப்பில்லன்னு டாக்டர் உங்ககிட்டச் சொன்னாரா இல்லையா? எங்கிட்ட மறைச்சிட்டீங்க. நானே போய்க் கேட்டுட்டு வந்தேன். எடுத்துச் சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை அவர் கையில் திணித்தாள்.

"ம், ஆரம்பிங்க. இந்தத் தடவ நான் கண்ணைத் தொறந்து ஓட்டறேன். நீங்க மூடிக்குங்க."