யார் சொல்லணும்

மருத்துவச்சி கையுறை மாட்டிய கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு, "உள்ளே சோதிச்சுப் பார்க்கட்டுமாம்மா?" என்று மறுபடியும் கேட்கிறாள். கட்டிலில் வலியோடு ஒருக்களித்துக் கிடக்கும் மருமகள் கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கிறாள். மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நான்தான் பாருன்னு சொல்றேனே, காது கேக்கலையா?" மருத்துவச்சி அவள் பக்கம் திரும்புவதாயில்லை. "அவங்க சொல்லணும். எங்க விதி அது" என்கிறாள், சுவரிடம் சொல்வதுபோல. விதியாம் விதி. பிள்ளை பெற்று வளர்த்தவள் குத்துக்கல்லாட்டம் நிற்க, இந்த வாயில்லாப் பூச்சியிடமா உத்தரவு கேட்பது? ஜன்னல் வெயிலில் கையுறை மினுங்குகிறது. வலி கொஞ்சம் தணிகிறது. மருமகள் கட்டில் கம்பியை விடாமலே கண்ணைத் திறக்கிறாள். "பாருங்க. முதல்ல அத்தையை வெளியே அனுப்புங்க." இப்போதுதான் மருத்துவச்சி மாமியாரைத் திரும்பிப் பார்க்கிறாள்.