மதுரைப் பம்பு

திருத்தங்கல் ரோட்டோரத்து ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையை உச்சி வெயில் காய்ச்சுகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப் பானட்டைத் திறந்தபடி நிற்கிறது. மெக்கானிக் பீர் முகைதீன் பழைய டீசல் பம்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறார். பட்டாசு ஏஜெண்ட் பாண்டிராஜ் புதுப் பம்பின் அட்டைப்பெட்டியை அவர் மூக்குக்கு நேரே ஆட்டுகிறார். "நீங்க சொல்ற லோக்கல் பம்பெல்லாம் எனக்கு ஆகாது பாய். இது மதுரையில வாங்குன கம்பெனி ஒரிஜினல்." பாண்டிராஜின் ஜீப் டிரைவர் ஊர்க்காவலனுக்குச் சோறு கொண்டுவந்த அவன் மனைவி சோலையம்மாள் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்புகிறாள். நீல மை பளபளக்கிறது. மூடியின் மடிப்பு மட்டும் ஒரு நூல் கோணல். போன வாரம் அச்சாபீசில் அவள் பசை தடவி ஒட்டிய அத்தனை பெட்டியிலும் இதே கோணல். பாண்டிராஜின் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை அவள் ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"இங்கன இருந்து மதுரைக்குப் போன போலிப் பெட்டி மொதலாளி இது. நாந்தேன் ஒட்டுனேன்."

பீர் முகைதீன் பெட்டியிலிருந்து புதுப் பம்பை எடுத்து உருட்டிப் பார்க்கிறார். "உள்ள இருக்கதும் போலிதான். மலையேறும்போது நின்னுரும்."

பாண்டிராஜின் முகம் கறுக்கிறது. "அட்டை ஒட்டுறவளுக்குப் பம்பப் பத்தி என்ன தெரியும்? மாட்டுங்க பாய். சாயங்காலம் லோடு குமுளி ஏறணும்."

ஊர்க்காவலன் தரையைப் பார்க்கிறான். சோலையம்மாள் அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பாண்டிராஜின் கையில் வைக்கிறாள். "அப்ப நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

பாண்டிராஜ் சாவியையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்க்கிறார். "வேற பம்பு மாட்டுங்க பாய்" என்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சோலையம்மாள் சாக்கடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்புகிறாள்.